இழுப்பதற்குத் தமிழில் ஒரே சொல்தானா?

கேள்வி: ஜனவரி 6, காலை 10.12

கல்லூரியில் படிக்கிறேன். ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் டிராக் (drag), டக் (tug), ஹால் (haul), யாங்க் (yank) என்று நாலு வினைகள் வருகின்றன. ஒருவன் மூட்டையை டிராக் செய்கிறான். குழந்தை அவன் சட்டையை டக் செய்கிறது. மீனவர்கள் வலையை ஹால் செய்கிறார்கள். அப்புறம் அவன் கதவை யாங்க் செய்து திறக்கிறான். என் வரைவில் எல்லாமே இழுத்தான், இழுத்தது, இழுத்தார்கள். இந்த ஓர் இடத்தில் தமிழ் ஏழை மொழி என்றே படுகிறது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு 9.40

மறுக்கிறேன் தம்பி. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவள் நான். இந்த டிராக், டக், ஹால் எல்லாவற்றையும் கரும்பலகையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் என்ன எழுதுவது என்று நின்றிருக்கிறேன். உங்கள் தவிப்பு தெரியும். ஆனால் ஏழை என்ற முடிவு தப்பு.

ஆங்கிலம் எவ்வளவு பலத்தோடு இழுக்கிறோம் என்பதை வைத்துச் சொல்லைப் பிரிக்கிறது. நாம் எதை இழுக்கிறோம், எதிலிருந்து இழுக்கிறோம் என்பதை வைத்துப் பிரிக்கிறோம். உறையிலிருந்து வாளை உருவுகிறோம். வாயிலிருந்து பல்லைப் பிடுங்குகிறோம். நாற்றங்காலில் நாற்றைப் பறிக்கிறோம். மடியிலிருந்து பாலைக் கறக்கிறோம். கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் சேந்துகிறோம். அதே கிணற்றில் மாடு கட்டிக் கவலை என்கிற இறைவை ஓட்டினால், ஏற்றம் போட்டால், அது இறைப்பு. துடுப்பை வலிக்கிறோம். காந்தம் இரும்பை ஈர்க்கிறது. இவை எல்லாமே கையோ மாடோ எதுவோ ஒன்றைத் தன் பக்கம் கொண்டுவருகிற வேலைதான். நாம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறோம். இதில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் டிரா (draw) என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். வாளுக்கும் டிரா, தண்ணீருக்கும் டிரா.

தேரைக்கூட நாம் இழுப்பதில்லை. வடம் பிடிக்கிறோம்.

ஜனவரி 6, இரவு 11.05

படுத்த பிறகு நினைவு வந்தது. கடைசி வரி தப்பு. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நம் பழமொழியே இருக்கிறதே. தேரை இழுக்கத்தான் செய்கிறோம்.

ஜனவரி 7, காலை 7.20

தேர் விஷயத்தை அப்படியே விட மனம் வரவில்லை. நான் திருவாரூர்ப் பக்கம் பிறந்தவள்.

எங்கள் ஊரில் தேர் சம்பந்தமாக மூன்று வினைகள் உண்டு, மூன்றும் மூன்று பேர் நிற்கிற இடத்திலிருந்து வருபவை. விழாவுக்குப் பெயர் தேரோட்டம். தேர் ஓடுகிறது, யாரும் இழுப்பதாகச் சொல்வதில்லை, அது சாமியின் பயணம். ஆழித்தேர் பல வருஷம் நின்றுபோய் 1970-ல் மறுபடி ஓடியதைப் பற்றி அப்பா சொல்லும்போது ‘தேர் ஓடுச்சு’ என்றுதான் சொல்வார். வீட்டிலிருந்து கிளம்புகிறவர் ‘வடம் பிடிக்கப் போறேன்’ என்பார். அது வேண்டுதல். ஒரு நிமிஷம் கயிற்றில் கை வைத்துவிட்டு வந்தாலும் வடம் பிடித்ததாகத்தான் கணக்கு. வேலையைப் பற்றிப் பேசும்போது, கை எரிய, வெயிலில் நின்று, நாலு வீதியும் கொண்டுவந்து சேர்த்ததைப் பற்றிப் பேசும்போது மட்டும் ‘இழுத்தோம்’ வரும்.

அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்பார்கள். இப்போது திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலை செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன, பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. அப்படியும் திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள் இல்லாமல் நடக்காது. சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகித்தான் அந்த மலையைத் திருப்புவார்கள். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று ஆகிவிட்டது. ஆனால் கட்டை போடுகிறவர்கள் இல்லையென்றால் இழுக்கிறவர்கள் பாடு ஆபத்து.

ஆக, முதல் குறிப்பில் நான் சொன்னது அரைகுறை. இழுக்கும் பொருள் மட்டும் சொல்லைத் தீர்மானிப்பதில்லை. சொல்கிற ஆள் எங்கே நிற்கிறார் என்பதும் தீர்மானிக்கிறது.

ஜனவரி 9, மாலை 6.15

உங்கள் மூட்டைக்கு வருகிறேன். டிராக் என்பதற்கு நேர்ச்சொல் தேடாதீர்கள். தமிழில் அந்த வேலையைச் செய்வது வினை அல்ல, வினைக்கு முன்னால் ஓடிவருகிற ஒலி. தரதரவென்று இழுத்தான். அவ்வளவுதான். தரையில் உரசுவதும், இழுபடுவது வர மறுப்பதும், இழுக்கிறவனுக்கு இரக்கமில்லை என்பதும் அந்த நாலு எழுத்திலேயே வந்துவிட்டன.

வெடுக்கென்று என்று போட்டால் அது யாங்க். சுண்டி இழுத்தான் என்றால் சின்ன அசைவு, விரலும் மணிக்கட்டும் மட்டும் செய்கிற வேலை. பட்டம் விடுகிறவர்களைக் கேளுங்கள், நூலைச் சுண்டுவதும் இழுப்பதும் எவ்வளவு வேறு என்று சொல்வார்கள். மெல்ல இழு, பையப் பைய இழு, விசுக்கென்று இழு, சரசரவென்று இழு. என் வகுப்புப் பையன்கள் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும்போது இந்த ஒலிகள் இல்லாமல் தடுமாறுவார்கள். அங்கே ஒலி வினைக்குள் போய்விட்டது, இங்கே வெளியே நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜனவரி 9, மாலை 6.50

ஒன்று விட்டுப்போயிற்று. தரதரவென்று என்பதை எல்லா மூட்டைக்கும் போடாதீர்கள். அது பெரும்பாலும் ஆளை இழுப்பதற்கு. போலீஸ் இழுத்துப் போகும், கோபக்காரன் முடியைப் பிடித்து இழுத்துப் போவான். மூட்டைக்குப் போட்டால் அந்த மூட்டையின்மேல் அவனுக்கு ஏதோ கோபம் இருப்பதாகத் தோன்றும். கதையில் அப்படி இருந்தால் போடுங்கள்.

ஜனவரி 12, இரவு 8.30

வலி என்ற சொல்லை முதல் குறிப்பில் துடுப்போடு மட்டும் நிறுத்திவிட்டேன். அதற்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது.

கணவருக்கு வேலை மாற்றலாகித் திருவனந்தபுரத்தில் நாலு வருஷம் இருந்தோம். போன முதல் வாரம் ஒரு கடைக் கதவில் ‘வலிக்குக’ என்று எழுதியிருந்ததை, புதிதாகக் கற்ற மலையாள எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு நின்றேன். என் காதுக்குள் அது வேதனை. கதவுக்கு எதற்கு வேதனை என்று யோசிப்பதற்குள் பின்னால் நின்ற அம்மா கையை நீட்டி இழுத்துத் திறந்தார். மலையாளத்தில் இழுப்பதற்கு அன்றாடச் சொல்லே அதுதான். ஓணத்தின்போது நடக்கிற கயிறு இழுக்கும் போட்டிக்கு வடம்வலி என்று பெயர். புகை பிடிப்பது புகவலி.

நம்மிடமும் இதே பொருள் இருந்தது, இன்னும் ஓரங்களில் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் பீடி வலிப்பார்கள். படகுக்காரர்கள் துடுப்பு வலிப்பார்கள். மற்ற இடங்களில் இந்தச் சொல் உடம்புக்குள் போய்விட்டது. தலை வலிக்கிறது, கால் வலிக்கிறது. வலிப்பு என்ற நோயின் பெயரைக் கவனியுங்கள். கை கால் வெட்டி இழுக்கிறது அல்லவா, அதே நோயை எங்கள் பக்கத்தில் இழுப்பு என்றும் சொல்வார்கள். சில ஊர்களில் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு. பக்கவாதம் வந்தால் ‘ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு’. உடம்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற வேறொரு வினை நம்மிடம் இருக்கிறதா என்று யோசிக்கிறேன். பிடி என்பது ஒருவேளை.

ஜனவரி 13, காலை 6.00

புகைக்கு மட்டும் எத்தனை வினை பாருங்கள். பிடிக்கிறார்கள், குடிக்கிறார்கள், இழுக்கிறார்கள், வலிக்கிறார்கள், சென்னையில் தம் அடிக்கிறார்கள், இலங்கையில் சிகரெட் பத்துகிறார்கள். ஆங்கிலத்திலும் சிகரெட்டுக்கு ஒரு டிராக் உண்டு, நம் ‘ஒரு இழுப்பு’ போலவே. இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஜனவரி 13, இரவு 10.10

படம் இழுக்கிறது என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்திலும் படம் டிராக் ஆகும். ஆனால் ‘ஜவ்வா இழுக்குறாங்க’ என்பதற்கு ஈடு அங்கே கிடையாது. திருவிழாவில் மூங்கில் கழியில் சுற்றிவைத்த ஜவ்வு மிட்டாயை அந்தத் தாத்தா இழுத்து வாட்ச் கட்டிவிட்டதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

ஜனவரி 17, மதியம் 2.25

டிராயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மேஜை டிராயருக்கு இழுப்பறை என்று எழுதலாமா என்று. எழுதலாம், நல்ல சொல். ஆனால் கதையில் வரும் பாட்டி அதைச் சொல்ல மாட்டாள். இலங்கைக் கதை என்றால் லாச்சி என்று எழுதுங்கள், அது டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். தமிழ்நாட்டுக் கதையென்றால் டிராயர்தான்.

டிரா என்ற வினையை நான் வகுப்பில் எப்போதும் இந்தச் சொல்லை வைத்துத்தான் தொடங்குவேன். மேஜையில் இருப்பது இழுக்கப்படுவது, அதனால் டிராயர். நம் ஊரில் அரைக்கால் சட்டையையும் டிராயர் என்கிறோம், ‘டிராயர் போட்ட வயசு’ என்கிறோம். அதுவும் இதே வினைதான், காலில் இழுத்து மாட்டுவது. பையன்கள் சிரித்து அடங்கிய பிறகு அடுத்ததைச் சொல்வேன். டிராவும் டிராகும் ஒரே பழைய வேரின் இரண்டு கிளைகள். புல் (pull) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆதியில் இறகையும் கம்பளி மயிரையும் பிய்த்தெடுப்பது என்று பொருள், நம் பறி போல. டிரெக் என்று மலையேறப் போகிறோமே, அது தென்னாப்பிரிக்க டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, வண்டியை இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் அடிப்படைப் பொருள். டிராக்டர் லத்தீனின் இழுவையிலிருந்து வந்தது. அந்த லத்தீன் வேரிலிருந்துதான் அட்ராக்ட்டும் காண்ட்ராக்ட்டும் சப்ட்ராக்ட்டும். அட்ராக்ட் என்பதற்கு நாம் கவர்தல் என்றும் ஈர்த்தல் என்றும் எழுதுகிறோம். ஈர்த்தல் அந்த வேருக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது, தன் பக்கம் இழுப்பது.

ஈர்க்கு இன்னொரு பொருளும் உண்டு, அறுப்பது. ஈர்வாள் என்றால் ரம்பம். ரம்பம் அறுப்பதே முன்னும் பின்னும் இழுத்துத்தானே. இது என் ஊகம், அகராதி சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜனவரி 18, இரவு 9.15

ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ஒருவரின் காலை இழுப்பது என்றால் விளையாட்டாக ஏமாற்றுவது, கிண்டல் செய்வது. நம்மிடம் காலை வாரிவிடுவது துரோகம். காலைப் பிடித்து இழுப்பது, மேலே போகிறவனை ஏறவிடாமல் செய்வது. நான் பணி ஓய்வுக்குப் பிறகு கொஞ்ச நாள் ஆவணப் படங்களுக்குத் தமிழ் வசன வரி எழுதினேன். ஒரு தாத்தா பேத்தியிடம் செல்லமாகப் பேசுகிற இடத்தில் அவசரத்தில் ‘உன் காலை இழுத்தேன்’ என்று எழுதிவிட்டேன். திரையில் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசிப்போனது. ‘சும்மா சொன்னேன்டி’ என்று இருந்திருக்க வேண்டும். அதில் இழுக்கிற வினையே தேவையில்லை.

இதைப் போலவே, வண்டியைச் சாலையோரம் புல் செய்வதை இழுக்க வேண்டாம், ஓரங்கட்டுங்கள். தன்னைத்தானே திரட்டிக்கொள்ளச் சொன்னால் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கயிறுகளை இழுத்துக் காரியம் சாதிப்பவர் நம் ஊரில் ஆளைப் பிடித்துச் சாதிப்பார். இரண்டு மொழியும் ஒத்துப்போகிற இடம் இழுத்தடிப்பு. ஆங்கிலத்தில் காலை டிராக் செய்வார்கள், நாம் இழுத்தடிப்போம். என் ஓய்வூதியக் காகிதம் ஓர் அலுவலகத்தில் பதினாலு மாசம் கிடந்தது. இழுவும் அடியும் ஏன் ஒரே சொல்லில் சேர்ந்தன என்பது அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது நன்றாகவே புரிந்தது.

ஜனவரி 21, காலை 8.45

முல்லைத்தீவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், ஹால் பற்றி. அவர்கள் கரையில் கரைவலை இழுப்பதைச் சொல்கிறார். கடலில் அரை வட்டமாக வலையை விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் கரையிலிருந்தே இழுத்துக்கொண்டு வருவார்கள். இந்த வேலைக்கு வினை இழுதான், ஆனால் அதைச் செய்வது பாட்டு என்கிறார். சரியாகச் சொன்னார். ஏலேலோ ஐலசா என்று ஒருவர் எடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும்போது எல்லாருடைய முதுகும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்கிறது. ஆங்கிலக் கப்பல்காரர்களுக்கும் பாய் ஏற்றுவதற்கென்றே இழுவைப் பாட்டுகள் இருந்தன. ஹால் என்றாலே பல கைகள் சேர்ந்து வெகுநேரம் இழுப்பது என்ற நிறம் அதில் ஒட்டியிருப்பது அதனால்தான்.

அவர் இன்னொன்றும் எழுதினார். இழுவை என்ற சொல் அவர்கள் கரையில் இப்போது கசப்பான சொல். கடலடியை வாரிக்கொண்டு போகிற மடிவலையை அவர்கள் இழுவைமடி என்கிறார்கள். 2017-ல் இலங்கை சட்டம் போட்டு அதைத் தடை செய்தது. கரைவலையும் இழுப்பதுதான், இழுவைமடியும் இழுப்பதுதான். ஒன்றை ஆட்கள் சேர்ந்து நின்று கையால் இழுக்கிறார்கள், மற்றதை எஞ்சின் இழுக்கிறது.

ஜனவரி 21, மாலை 5.30

அதைப் படித்ததும் ரிக்‌ஷா நினைவுக்கு வந்தது. கை ரிக்‌ஷாவை இழுத்தார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவை மிதித்தார்கள். ஆட்டோவை ஓட்டுகிறார்கள். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் இழுத்துப்போவது வேண்டாம் என்று 1973-ல் தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை ஒழித்தார்கள். அந்த வினை அந்தத் தொழிலைவிட்டுப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. பழைய சென்னைக்காரர்கள் ‘இஸ்துகினு போ’ என்று சொல்லும்போது மட்டும் அந்த வண்டியின் சத்தம் காதில் கேட்பதுபோல இருக்கும்.

ஜனவரி 24, இரவு 10.40

முதல் நாள் நான் எழுதியதை இன்று மறுபடி படித்தேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பட்டியல் போட்டிருக்கிறேன். வாளும் பல்லும் பாலும் உங்கள் பக்கத்தில் இல்லை. மூட்டை, சட்டை, வலை, கதவு, நாலுதான் இருக்கின்றன, நாலுக்குமே தமிழில் அடிப்படை வினை இழுதான். அந்த அளவில் நீங்கள் கண்டது உண்மை. இழு என்பதோடு எதைச் சேர்ப்பது என்பதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை. நான் முயன்றது இது:

மூட்டையைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வந்தான். குழந்தை அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தது. அங்கே ஏலேலோ போட்டு வலையைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். கதவை வெடுக்கென்று இழுத்தான், தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது.

டக் என்பது சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்ப இழுப்பது. நமக்கு அதற்கு அடுக்குத்தொடர் போதும், கூடவே ‘பார்த்தது’ என்ற துணைவினை. குழந்தை இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது என்பதும் வந்துவிடுகிறது. வலைக்கு நான் இழு போடவே இல்லை.

ஜனவரி 25, காலை 7.05

தாழ்ப்பாள் என் சேர்க்கை. மூலத்தில் இல்லாததைச் சேர்க்க எனக்கு உரிமையில்லை. எடுத்துவிடுங்கள்.

பிப்ரவரி 2, இரவு 11.20

கதையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கிழவர் மூன்று வாரமாகச் சாகாமல் கிடக்கிறார், அதற்கு ஆங்கிலத்தில் லிங்கர் என்று போட்டிருக்கிறது, தமிழில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இழுத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதுங்கள். இதற்கு வேறு சொல் வேண்டாம்.

எங்கள் அப்பாயி, அப்பாவின் அம்மா, பதினோரு நாள் அப்படிக் கிடந்தார். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. வாசலில் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், ‘இன்னும் இழுத்துக்கிட்டுதான் இருக்கா?’ அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. யார் எதை இழுக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. உயிர் மூச்சை இழுக்கிறதா, இந்தப் பக்கம் ஏதோ ஒன்று அப்பாயியை இழுத்துப் பிடித்திருக்கிறதா?

பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார், ‘மண்ணு இழுக்குதுடி.’ அப்பாயி, தாத்தா இறந்த பிறகு தனியாளாக அந்த முக்கால் மா நிலத்தைப் பார்த்துக்கொண்டவர். பெரியப்பா வெயிலில் நடந்துபோய் எங்கள் வயல் வரப்பிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்தார். தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, துணியில் நனைத்து உதட்டில் பிழிந்தார்கள். எனக்கு அப்போது பதினாலு வயது, காலடியில் உட்கார்ந்திருந்தேன். அப்பாயியின் வலது கை என் பாவாடை நுனியைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தார் என்று தெரியாது. சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்தில் அது ஒரு முறை இழுத்தது, ரொம்ப மெதுவாக. அப்புறம் விட்டுவிட்டது.